பதம் பார்த்த கமிட்டி

மாமனாருக்கு ரஸ்க் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம்.

ஒரு பக்கம் லேசாக வாதம் அடித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கை கொஞ்சம் வந்துவிட்டது, பேச்சு குழறலோடு வந்துவிட்டது, கோபம் மட்டும் முழுசாக வந்துவிட்டது. கஞ்சியும் பாலும் ஸ்பூனில் இறங்கிக்கொண்டிருந்தன. அன்று காலை என் மனைவி மருந்து வாங்கக் கீழே போனாள். "அப்பாவைப் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறேன்" என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்ட பயணியாகத்தான் நடத்தி வந்திருக்கிறார். என்னோடு நேரே பேச மாட்டார். "அவர்கிட்ட சொல்லு" என்று மகள் வழியாகத்தான் எல்லாம். அன்று மகள் இல்லை. அதனால் கையை நீட்டி என் சட்டைப் பையைக் காட்டினார். பையில், டீயோடு சாப்பிடலாமென்று ஆஸ்பத்திரி கேன்டீனில் வாங்கி வைத்திருந்த ரஸ்க்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள். எந்த மருமகனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? கொடுத்தேன். டீயில் நனைத்துக் கொடுத்திருக்கலாம். அந்த மாதிரி அறிவெல்லாம் எனக்குக் காரியம் முடிந்த பிறகுதான் வரும். கடித்தார், மென்றார், முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தி தொண்டைக்குப் போனதும் இருமலாக மாறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, கட்டிலே குலுங்கியது. நான் "சிஸ்டர்!" என்று கத்திய கத்தலில் பக்கத்து வார்டு சிஸ்டர்கள்கூட ஓடி வந்தார்கள். முதுகில் தட்டினார்கள். ஊறாத துண்டு ஒன்று வெளியே விழுந்தது. அவர் மூச்சு விட்டார். நான் விடவில்லை. வாசலில் மருந்துப் பையோடு மனைவி நின்றிருந்தாள்.

மதியத்துக்குள் மாமனாரின் மூக்கில் ஒரு குழாய் ஏறியது. தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது: 'வாய் வழியாக எதுவும் கூடாது.'

"எத்தனை நாளைக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"பதச் சொல் பிரிவு சொல்ற வரைக்கும்."

"அது என்ன பிரிவு?"

"சாப்பாட்டோட பதத்தைச் சரியான வார்த்தையில சொல்ற பிரிவு சார். புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. நீங்க குடுத்தது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதணும்."

"மொறுமொறுன்னு இருந்துச்சு."

சிஸ்டரின் பேனா நின்றது. "அதை ஏத்துக்க மாட்டாங்க சார். இங்கிலீஷ்ல சொல்லுங்க."

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். மேலே போகிறது, கீழே போகிறது, நின்றுவிட்டது. இந்த மூன்று வார்த்தையை வைத்தே இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்று. சிப்ஸ் பாக்கெட்டில் படித்தது.

"கிரிஸ்பி" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

சிஸ்டர் எழுதிக்கொண்டார். மாமனாரை நான் இரண்டாவது முறையாக மாட்டிவிட்ட இடம் அது.

*

பதச் சொல் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. வார்டில் மின்விசிறி ஓடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இங்கே ஏசி, தரையில் கம்பளம். சுவரில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம். அதற்குள் வண்ணவண்ணமாக வார்த்தைகள்: கிரம்ப்ளி, ஃப்ளேக்கி, ச்யூவி, கம்மி, மஷ்ஷி, சாகி, கூயி. எதிரே கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் கிரிஸ்பி கொடுத்தவரா?"

"ரஸ்க் கொடுத்தவன் மேடம்."

"அங்கதான் பிரச்சனையே. கிரிஸ்பின்னா என்ன தெரியுமா? முன்பல்லுல கடிச்சதும் மெல்லிசா, கீச்சுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், முடிஞ்சுது. கிரஞ்சின்னா கடைவாய்ல, கனமா, மெல்ல மெல்லத் தொடர்ந்து வர்ற சத்தம். ரஸ்க் கிரஞ்சி. உங்க மாமனார் தொண்டையிலேர்ந்து வெளிய வந்தது கிரஞ்சி. நாங்க பரிசோதனை பண்ணிட்டோம். நீங்க கொடுத்ததா எழுதியிருக்கறது கிரிஸ்பி. அப்படின்னா?"

"அப்படின்னா?"

"கிரிஸ்பி இன்னும் உள்ள இருக்கு."

"மேடம், நான் கொடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்."

"நீங்க ஒண்ணு கொடுத்திருக்கலாம். எழுத்துல ரெண்டு இருக்கு. நாங்க எதை நம்பறது?"

"தெரியாம சொல்லிட்டேன் மேடம். மாத்திக்கறேன். கிரஞ்சின்னே வெச்சுக்குங்க."

"இது என்ன துணிக்கடையா சார், எடுத்து விரிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு மடிச்சு வெக்க? சொன்ன வார்த்தை சொன்னதுதான்."

"சரி மேடம். அவர் வாயால சாப்பிடலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்."

"அது பதத்தைப் பொறுத்தது."

"எதோட பதம்?"

"அதைத்தானே உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கோம்!" என்றார், பொறுமை இழந்து. என்னை மாதிரி ஆட்களிடம் பேசிப் பேசி அவருக்கே தொண்டை வறண்டிருக்க வேண்டும். மேஜையில் இருந்த பாயசப் பதத்து ஏதோ ஒன்றை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வெல்வெட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காணாமல் போன கிரிஸ்பியைத் தேட மாமனாரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவர் சீட்டைப் படித்துவிட்டு, மேலே போன் போட்டார். "மேடம், கிரிஸ்பி படத்துல எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"கிரிஸ்பியாத் தெரியுமாம்."

படத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நிம்மதி. மேலே போனால் ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் முகம் முன்னைவிட இருண்டிருந்தது. உள்ளே போன கிரிஸ்பி, ஈரம் பட்டு, தன் குணத்தை இழந்து, நமுத்துப்போய், சாகி ஆகியிருக்கலாமாம். கிரிஸ்பி உள்ளே போனதற்கு ஒரு கோப்பு, சாகியாக மாறியதற்குத் தனிக் கோப்பு. மாமனாருக்குத் தெரியாமலேயே அவர் வயிற்றுக்குள் ஒரு பலகாரக் கடை வளர்ந்துகொண்டிருந்தது.

*

வார்டுக்குத் திரும்பினால், மனைவி என் பக்கம் திரும்பாமலே பேசினாள். ரஸ்க் நாளிலிருந்து நான் 'என்னங்க' இல்லை.

"என்ன சொன்னாங்களாம்?"

"கிரிஸ்பி சாகியாயிடுச்சாம்."

"எங்கப்பா வாய் காஞ்சு கிடக்கறார். சிலபேர் மாடிக்கும் கீழுக்கும் போய் இங்கிலீஷ் கத்துக்கிட்டு வர்றாங்க."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனாரின் கண், ஸ்பூன் தட்டிலிருந்து வாய்க்குப் போவதையும் காலியாகத் திரும்புவதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயில் போகிற பால் அவர் வயிற்றை நிரப்பியது, முகத்தை நிரப்பவில்லை. கன்னம் உள்ளே போய்விட்டது. மகளைக் கூப்பிட்டு, "அவர்கிட்ட சொல்லு" என்றார்.

"என்னப்பா சொல்லணும்?"

என்ன சொல்ல நினைத்தாரோ, அதைச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். திட்டியிருக்கலாம். சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே ஆர்வம் விட்டுப் போச்சுன்னா, அப்புறம் வாய் திறந்தாலும் சாப்பிட மாட்டாங்க சார். சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்றார்.

"முடிக்க நான் என்ன பண்ணணும் சிஸ்டர்?"

"பயிற்சிக்குப் போகணும். கூட இருக்கறவங்க பயிற்சி முடிச்சாதான் கமிட்டி கூடும். கமிட்டித் தலைவர் நல்லவர். ஒரு காலத்துல பெரிய தொண்டை டாக்டர். இப்பல்லாம் மீட்டிங் இருக்கறதால தொண்டையைப் பார்க்க நேரம் கிடைக்கறதில்ல."

பயிற்சிக்குப் போனேன். மொத்தம் இரண்டே பேர். நானும், கால் உடைந்த தம்பியைப் பார்க்க வந்து வழி தெரியாமல் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்ட ஓர் அக்காவும். எட்டிப் பார்த்தவரை வெளியே விடவில்லை. வருகை குறைந்தால் பிரிவுக்கு நிதி குறையுமாம்.

தட்டு தட்டாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, வார்த்தை சொல்ல வேண்டும். அக்கா முதல் வாயிலேயே, "கொழகொழன்னு இருக்கும்மா. கொஞ்சம் வழவழன்னும் இருக்கு" என்றார். நாக்கில் என்ன இருந்ததோ அதை அப்படியே என் காதில் வைத்த மாதிரி இருந்தது.

"அதெல்லாம் சத்தம், வார்த்தை இல்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. "ஸ்லைமியா, கூயியா, ஸ்மூத்தா?"

"என் தம்பிக்குக் கால்லதாம்மா கட்டு."

"அதுக்காக அவர் சாப்பிடாமலா இருப்பார்?"

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறான்."

"எந்தப் பதத்துல?"

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த இந்த இரண்டு வாரத்தில் எனக்குப் பழகிவிட்ட ஒரு பார்வை அது.

பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மா எழுந்து நின்று ஓர் உரை ஆற்றினார். இரண்டே பேர்தான் என்றாலும் மைக் வைத்துக்கொண்டார். "நோயாளிக்கு நோயாளி நாக்கு வேற, தொண்டை வேற, பசி வேற. அதையெல்லாம் நம்பி ஒரு ஆஸ்பத்திரி நடத்த முடியாது. ஆனா வார்த்தை எல்லாருக்கும் ஒண்ணு. அதனாலதான் நாங்க நோயாளியைப் பார்க்கறதை நிறுத்திட்டு, வார்த்தையைப் பார்க்க ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் எங்க வேலை எவ்வளவு சுலபமாயிடுச்சு தெரியுமா!"

அக்கா கை தட்டினார். முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

முடிவில் பரீட்சை. சாஃப்டுக்கும் டெண்டருக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டிருந்தார்கள். டெண்டர் என்றால் காண்ட்ராக்டர்கள் போடுவது என்று எழுதினேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பாஸ் போட்டுவிட்டார்கள். ஃபெயிலானால் மறுபடி சாம்பிள் வாங்கக் கையிருப்பு இல்லையாம். எல்லாத் தட்டையும் அதற்குள் பிரிவு ஊழியர்கள் கழுவி வைத்த மாதிரி காலி செய்திருந்தார்கள். அக்கா என்னைவிட அதிக மதிப்பெண். கால் கட்டோடு இருக்கிற தம்பி அன்று மாலை என்ன கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னானோ!

*

மூன்றாவது மாடியில் கமிட்டி கூடியது. நீள மேஜைக்குப் பின்னால் நடுவில் தலைவர், ஒரு பக்கம் ஒருங்கிணைப்பாளர் அம்மா, மறுபக்கம் சட்ட அதிகாரி. எதிரே நானும் மனைவியும், நடுவே சக்கர நாற்காலியில், மூக்கில் குழாயோடு மாமனார். மேஜையில் சான்றுப் பொருளாக அதே கேன்டீனில் வாங்கிய ஒரு ரஸ்க் பாக்கெட், மசித்த வாழைப்பழம் ஒரு கிண்ணத்தில் ஒப்பீட்டுக்கு, மற்றும் டீ. டீ சான்றுப் பொருள் இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த ஆஸ்பத்திரி பதச் சொற்கள்ல உலகத் தரத்தை எட்டியிருக்கு. பெருமையா சொல்லிக்கறேன். போன வருஷம் இங்க ஒரு நோயாளிகூடத் தப்பான வார்த்தையால சாகல."

"சரியான வார்த்தையால?" என்றாள் என் மனைவி.

"அது வேற பிரிவும்மா" என்றார் தலைவர், அன்பாகவே.

ஒருங்கிணைப்பாளர் அம்மா பாக்கெட்டைப் பிரித்து ஒரு ரஸ்கைக் கடித்தார். கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார். "கிரஞ்சி. போகப் போகக் கிரம்ப்ளி."

சட்ட அதிகாரி ஒன்று எடுத்துக் கடித்தார். "கிரிஸ்பி."

"சார், இது எப்படி கிரிஸ்பி ஆகும்?"

"மேடம், கிரிஸ்பியாதான் இருக்கணும். கிரஞ்சியா இருந்தா அது நம்ம கேன்டீன்ல வித்த பொருள்னு ஆயிடும், பொறுப்பு நம்ம தலையில விழும். கிரிஸ்பின்னா நம்ம கேன்டீன்ல கிடையாது, அவர் வெளியிலேர்ந்து கொண்டுவந்தது. எனக்குப் பல்லுல என்ன கேட்டுதுங்கறது முக்கியமில்ல. ஆஸ்பத்திரிக்கு என்ன கேக்கணும்ங்கறதுதான் முக்கியம்."

"சார், நான் கேன்டீன்லதான் வாங்கினேன்" என்றேன்.

"நீங்களே கிரிஸ்பின்னு சொல்லியிருக்கீங்களே! அப்புறம் எப்படி எங்க கேன்டீன்ல வாங்கியிருக்க முடியும்?"

இன்னொன்று கடித்துப் பார்த்தார்கள். தலைவர் ஒன்றை டீயில் நனைத்து, "இப்ப என்ன?" என்றார். "சாகி" என்றார் அம்மா. "லேசா நனைச்சா?" "அது... மாய்ஸ்ட்." "நடுவுல கெட்டியா, ஓரத்துல மட்டும் நனைஞ்சா?" இதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. சுவரிலிருந்த வார்த்தை வட்டத்தைப் பார்த்தார்கள். இன்னொன்றை நனைத்தார்கள். இன்னும் ஒன்று. ஒரு ரஸ்க் டீக்குள்ளேயே உடைந்து விழுந்தது. சட்ட அதிகாரி அதை ஸ்பூனால் தேடி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இது தனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த பதம் என்றும், குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர்கள் கடிக்கும்போதெல்லாம் அவர் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. ஒவ்வொரு கடிக்கும். மனைவி புடவைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். இந்தப் பாழாய்ப்போன பாக்கெட்டை எடுத்து அந்த மூன்று பேர் தலையிலும் கவிழ்க்கலாமா என்று இருந்தது. ஆனால் பாக்கெட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அதை அவர்களும் அப்போதுதான் கவனித்தார்கள்.

"சான்று எங்கே?" என்றார் தலைவர்.

சட்ட அதிகாரி உதட்டோரத்துத் தூளைத் தட்டிவிட்டார். "சான்று இல்லாம முடிவு எடுக்க முடியாது சார். ஒத்திவெக்கலாம்."

"எதுவரைக்கும்?" என்றாள் மனைவி.

"புது ரஸ்குக்கு டெண்டர் விடணும்மா. எவ்வளவு நாள்னு சொல்ல முடியாது."

"எங்கப்பா அதுவரைக்கும் இருக்கணுமே சார்!"

தலைவர் மட்டும் அவள் பேச்சைக் கேட்டு முதன்முறையாக மாமனாரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், கையில் மிச்சமிருந்த கடைசி ரஸ்க் துண்டை, பழக்கத்தில், வாயில் போட்டார். கடித்தார். மாமனாரின் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. தலைவரின் வாய் மெல்வதை நிறுத்திவிட்டது.

"இவர் எச்சிலை முழுங்கறாரே" என்றார்.

மற்ற இருவர் பக்கமும் திரும்பினார்.

"முழுங்கறாரான்னு யார் பார்த்தது?"

"பார்க்கலாம்னுதான் சார் இருக்கோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. "பதம் முடிவானதும்..."

தலைவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். டீ ஸ்பூனைக் கைக்குட்டையால் துடைத்து, டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்தார். முழங்காலை மடக்கி மாமனாருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். வயதான மனுஷர், முட்டி படபடவென்று சத்தம் போட்டது. இரண்டு விரலை மாமனாரின் தொண்டையில் லேசாக வைத்தார். "ஐயா, நிமிர்ந்து உக்காருங்க. தாடையைக் கொஞ்சம் கீழ வெச்சுக்குங்க. முழுங்குங்க."

மாமனார் முழுங்கினார்.

"ஆன்னு சொல்லுங்க."

"ஆ."

"இன்னொரு தடவை." மறுபடி தண்ணீர். மறுபடி ஆ. இருமச் சொன்னார், இருமினார். குரலைக் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் கேட்பு, ரஸ்கைக் கடித்துவிட்டுக் கேட்ட கேட்பு இல்லை. பிறகு பின்னால் திரும்பாமலே கையை நீட்டினார். "அந்தக் கிண்ணத்தைக் குடுங்கம்மா."

"சார், அது மஷ்ஷியா ஸ்மூத்தான்னு இன்னும் பிரிவுல முடிவாகல..."

"வாழைப்பழம்மா அது."

ஸ்பூன் நுனியளவு வாழைப்பழம் மாமனாரின் வாய்க்குள் போனது. நாக்கு அதை வாயெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு மெல்ல உள்ளே அனுப்பியது. விரல்களுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வருமென்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. மாமனார் வாயை மறுபடி திறந்தார். மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"டாக்டர், அவர் வாயால சாப்பிடலாமா?" என்றேன்.

"சாப்பிடலாம். இன்னிக்கே. மசிச்சது, கூழ் மாதிரி இருக்கறது. உக்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா. நல்லா இறங்கினா ரெண்டு மூணு நாள்ல குழாயை எடுத்துடலாம்."

"ரஸ்க்?"

"கூடவே கூடாது. நானே வந்து பார்த்து சொல்ற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்."

எத்தனையோ நாளாகத் தேடிய பதில் இவ்வளவு சின்னதாக இருந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மனைவி முகத்தைப் பார்த்தேன். எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப இவர் பட்ட பாடெல்லாம் என்னாலதானா டாக்டர்?"

சட்ட அதிகாரி பாதி எழுந்துவிட்டார். "சார், அதுக்கு நீங்க பதில் சொல்லாதீங்க."

டாக்டர் சக்கர நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். சட்டையில் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு வந்த இருமல் உங்களாலதான்" என்றார். "வாதம் வந்தவருக்குக் காஞ்ச ரஸ்கை யாராவது கொடுப்பாங்களா? முட்டாள்தனம். ஆனா அன்னிக்குக் காலையிலேயே நான் ஒரு ஸ்பூன் தண்ணியோட கீழ இறங்கி வந்திருந்தா, இந்தக் குழாய்க்கே வேலை இருந்திருக்காது. அது என்னால."